பேர்ட்: ஒரு வழிச்செலுத்து மென்பொருளைப் பேணிய கால் நூற்றாண்டு

இணையம் என ஒருமையில் சொல்லப்படுவது, உண்மையில், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தனித்தனி வலையமைப்புகள் தமக்குள் உடன்பட்டுப் பின்னிக்கொண்ட ஒரு கூட்டு ஆகும். தொலைத்தொடர்பு நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், வங்கிகள், தரவு மையங்கள் எனப் பலவகைப்பட்ட இவற்றில் ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் தானே தலைமை வகிப்பதால் 'தன்னாட்சி வலையமைப்பு' எனப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் வழங்கப்பட்டிருக்கிறது. எந்த முகவரித் தொகுதி எந்த வலையமைப்பில் இருக்கிறது, அதை எவர் வழியாக அடையலாம் என்பதை இவை ஒன்றுக்கொன்று ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. இந்த அறிவிப்புகளைப் பெற்று, ஒப்பிட்டு, சிறந்த வழியைத் தேர்ந்து, அதை இயக்க அமைப்பின் கருவான கெர்னலிடம் ஒப்படைக்கும் மென்பொருளே வழிச்செலுத்து டீமன். திரையில் தோன்றாமல் பின்னணியில் இடைவிடாது இயங்கும் நிரல்களுக்கு யூனிக்ஸ் மரபில் டீமன் என்று பெயர். செக் நாட்டுத் தலைநகர் பிராகில் பிறந்த 'பேர்ட்' அவ்வகை மென்பொருள்களில் ஒன்று. அதன் வரலாற்றில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவற்றுக்குள்ள இடத்தைவிட, கண்டுபிடித்து முடிந்தபின் யார் உடன் இருந்து பேணினார்கள் என்ற கேள்விக்குள்ள இடம் பெரிது.

பேர்ட் பேசும் மொழிகளில் தலையாயது எல்லை நுழைவாயில் நெறிமுறை, அதாவது பிஜிபி. 1989 ஜனவரியில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடந்த இணையப் பொறியியல் பணிக்குழுக் கூட்டத்தின் இடையே கிர்க் லாஹீடும் யாக்கோவ் ரெக்டரும் சாப்பாட்டு மேசையிலிருந்த கைக்குட்டைக் காகிதங்களில் அதன் முதல் வரைவை எழுதினர். அவ்வாண்டு ஜூனிலேயே அது முறையான ஆவணமாக வெளிவந்தது. இன்று வழங்கும் நான்காம் பதிப்பு 1990களின் நடுப்பகுதியில் உருப்பெற்றது. இந்த நெறிமுறையின் அடிப்படை எளிது. ஒரு வலையமைப்பு தன் முகவரித் தொகுதியை அண்டை வலையமைப்புக்கு அறிவிக்கும்போது தன் எண்ணையும் சேர்த்து அனுப்புகிறது. அண்டை வலையமைப்பு தன் எண்ணை முன்னால் சேர்த்து அடுத்ததற்குச் சொல்கிறது. இப்படி நீளும் எண்களின் வரிசையே வழித்தொடர். தன் எண் ஏற்கெனவே இருக்கும் வழித்தொடர் தன்னிடம் வந்தால் ஒரு வலையமைப்பு அதை ஏற்காது என்பதால், தரவு வட்டமடித்துச் சுழலும் ஆபத்து தவிர்க்கப்படுகிறது.

இந்த வேலையைச் செய்யும் மென்பொருளைச் சிஸ்கோ போன்ற நிறுவனங்கள் தம் ரவுட்டர்களுக்குள் மூடிவைத்து விற்றன என்றாலும், மூல நிரல் கைக்குக் கிடைக்கும்படியான மென்பொருள்களும் தொடக்கம் முதலே இருந்தன. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை அமைத்த கல்வி வலையமைப்புக்காகக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1980களின் பிற்பகுதியில் உருவான 'கேட்டீ' அவற்றுள் முன்னோடி. பல நெறிமுறைகளை ஒரே நிரலுக்குள் சேர்த்து, ஒன்றில் கற்ற வழியை இன்னொன்றுக்கு மாற்றிச் சொல்லும் திறன் அதன் சிறப்பு. ஆனால் கேட்டீயைப் பேணும் செலவை ஈடுகட்ட ஒரு கூட்டமைப்பு உருவாகி, பின்னர் அது ஒரு தனியார் நிறுவனமாகவும் மாறியபோது, புதிய வடிவங்கள் கட்டணம் செலுத்திய உறுப்பினர்களுக்கே கிட்டின. பொதுவில் எஞ்சியது பழைய வடிவம். 1996-இல் ஜப்பானில் குனிஹிரோ இஷிகுரோ தொடங்கிய 'ஜீப்ரா' கட்டற்ற உரிமத்தில் வெளிவந்து அந்த வெற்றிடத்தை நிரப்பியது. எனினும் அதைத் தொடங்கியவர்களே நிறுவிய வணிக நிறுவனத்தின் பக்கம் கவனம் திரும்பியதால் பொது வடிவம் நலிந்தது, அதிலிருந்து பால் யாக்மா 'குவாகா' என்ற கிளையைப் பிரித்தெடுத்தார். குவாகாவும் ஒரு கட்டத்தில் பலர் அனுப்பிய திருத்தங்களை ஆராய்ந்து சேர்க்க ஆளின்றித் தேங்கிப்போக, பொறுமையிழந்த நிறுவனங்கள் சில 2017-இல் அதிலிருந்து 'எஃப்ஆர்ஆர்' என்ற புதிய கிளையை லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் தொடங்கின. கேட்டீயில் உரிமம் இறுகியது. ஜீப்ராவிலும் குவாகாவிலும் உரிமம் தளர்ந்தே இருந்தும் பேணுவோர் குறைந்தனர். உரிமம் கட்டற்றதாக இருப்பது இன்றியமையாதது, ஆனால் அது மட்டும் ஒரு மென்பொருளை உயிரோடு வைத்திருப்பதில்லை என்பதை இந்த மரபு மூன்று முறை காட்டியிருக்கிறது.

பேர்ட் பிறந்த இடம் பிராகின் சார்லஸ் பல்கலைக்கழகத்துக் கணித, இயற்பியல் புலம். 1998-இல் ஓன்ட்ரெய் ஃபிலிப், மார்ட்டின் மரேஷ், பாவெல் மாஹெக் ஆகிய மாணவர்கள் அதைத் தம் குழுப்பணியாக எடுத்துக்கொண்டனர். 2000-இல் முதல் நிறைபதிப்பு வெளிவந்தது. மரேஷும் மாஹெக்கும் லினக்ஸ் உலகில் தம் பங்களிப்புகளால் பெயர் பெற்றவர்கள். ஒரு கணினியின் உட்பொருத்து அட்டைகளைப் பட்டியலிட உலகெங்கும் பயன்படும் 'எல்எஸ்பிசிஐ' கட்டளை மரேஷுடையது. மாணவர் பணிகளில் பெரும்பாலானவை மதிப்பெண் பெற்றதும் அலமாரிக்குப் போய்விடும். பேர்ட் அப்படிப் போகாததற்கு அதன் கட்டமைப்பில் அவர்கள் தொடக்கத்திலேயே எடுத்த சில முடிவுகள் காரணமாயின.

ஜீப்ராவில் ஒவ்வொரு நெறிமுறையும் தனித்தனி நிரலாக ஓடி, நடுவிலிருக்கும் ஒரு நிரலோடு செய்தி பரிமாறிக்கொள்ளும். பேர்டில் எல்லா நெறிமுறைகளும் ஒரே நிரலுக்குள் அமர்ந்து, வழிப்பட்டியல் எனும் பொது ஏட்டில் எழுதுகின்றன, அதிலிருந்தே படிக்கின்றன. அத்தகைய ஏடுகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டு ஏடுகளுக்கு இடையே 'பைப்' எனப்படும் குழாய் ஒன்றைப் பொருத்தி, எது கடந்துபோகலாம் என்பதையும் விதிக்கலாம். இயக்க அமைப்பைச் சார்ந்த பகுதிகள் அனைத்தும் தனி அடைவில் ஒதுக்கிவைக்கப்பட்டதால், லினக்ஸிலும் பிஎஸ்டி குடும்பத்து அமைப்புகளிலும் எஞ்சிய நிரல் அப்படியே இயங்கியது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வடிகட்டி மொழி. அண்டை வலையமைப்பு சொல்வதையெல்லாம் நம்பி ஏற்பது பேராபத்து. எனவே உள்ளே வரும் ஒவ்வொரு வழியையும் வெளியே போகும் ஒவ்வொரு வழியையும் ஒரு சோதனைக்கு உட்படுத்த வேண்டும். ஜீப்ரா போன்ற மென்பொருள்களில் இந்தச் சோதனை எண்ணிட்ட வரிகளின் நீண்ட பட்டியலாக இருந்தது. பேர்டிலோ அது மாறிகள், நிபந்தனைகள், துணைச் செயல்கள் எல்லாம் கொண்ட ஒரு குறுமொழியாக அமைந்தது. 'இந்தத் தொகுதி எங்கள் வாடிக்கையாளருக்கு உரியதாக இருந்து, அதன் முன்னொட்டு நீளம் இருபத்து நான்கைத் தாண்டாமல், வழித்தொடரின் கடைசி எண்ணும் அவருடையதாக இருந்தால் ஏற்றுக்கொள், இல்லையேல் தள்ளு' என்று ஒரு வலையமைப்பின் பொறியாளர் மனத்தில் நினைப்பதை ஏறத்தாழ நினைத்தபடியே எழுத முடிந்தது. மூன்று மாணவர்கள் வகுத்த இந்தக் குறுமொழியே பின்னாளில் பேர்டுக்கு உலகப் பயனை ஈட்டித் தந்தது என்று சொல்வது மிகையாகாது.

இயங்கிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தாமலேயே அமைவுக் கோப்பை மாற்றும் வசதியும் அதே கவனத்தோடு செய்யப்பட்டது. புதிய கோப்பைப் படிக்கச் சொல்லும்போது பேர்ட் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு, மாறிய இணைப்புகளை மட்டும் தொடுகிறது; வடிகட்டி மட்டும் மாறியிருந்தால் இணைப்பை அறுக்காமல் வழிகளை மட்டும் மறுபடி சோதிக்கிறது. பின்னர் சேர்ந்த ஒரு வசதி இன்னும் நுட்பமானது: புதிய அமைவைக் கால வரம்போடு நடைமுறைப்படுத்தச் சொன்னால், முன்னிருப்பாக 300 விநாடிகளுக்குள் உறுதிக் கட்டளை வராவிட்டால் பேர்ட் தானாகவே பழைய அமைவுக்குத் திரும்பிவிடும். தொலைவிலிருக்கும் ரவுட்டரில் ஒரு தவறான வரியை எழுதி, அந்த வரியாலேயே அதோடுள்ள தொடர்பை இழந்து, திருத்தவும் வழியின்றித் தவிக்கும் நிலை இத்தொழிலில் பலரும் அறிந்தது. அந்த அச்சத்தை அறிந்தவர்கள் செய்த வசதி இது.

இத்தனை இருந்தும், பல்கலைக்கழகத்தை விட்டு ஆசிரியர்கள் தத்தம் வழியில் சென்றபின், பேர்டின் வளர்ச்சி மெலிந்தது. 2000களின் நடுவில் சில ஆண்டுகள் அது ஏறத்தாழ உறங்கியே கிடந்தது. இணையமோ உறங்கவில்லை. தன்னாட்சி எண்கள் பதினாறு பிட்டுக்குள் அடங்காமல் முப்பத்திரண்டு பிட்டுக்கு விரிந்தன; வழிகளின் எண்ணிக்கை பெருகியது. இத்தகைய மென்பொருளுக்குத் தேக்கம் என்பதே பின்னடைவு, ஏனெனில் அது பேசவேண்டிய மறுமுனைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

2008-ஐ ஒட்டித் திருப்பம் வந்தது. செக் நாட்டின் டாட் சிஇசட் பெயர்களைப் பதிவுசெய்யும் அமைப்பான சிஇசட்.நிக், தன் ஆய்வகத்தின் பணிகளில் ஒன்றாகப் பேர்டை ஏற்றுக்கொண்டது. அந்த அமைப்பின் தலைமைப் பொறுப்பில் அப்போது இருந்தவர் பேர்டின் மூலவர்களுள் ஒருவரான ஓன்ட்ரெய் ஃபிலிப். முழுநேர வளர்ச்சிப் பொறுப்பு ஓன்ட்ரெய் சாயிச்செக் என்ற இளைய நிரலாளரிடம் வந்தது. அதன்பின் நெடுங்காலம் பேர்டின் முதன்மைப் பேணுநர் அவரே. பெயர்ப் பதிவுக் கட்டணத்தால் நிலையான வருவாய் உள்ள, லாப நோக்கற்ற ஓர் அமைப்பு, தன் நாட்டு இணையம் சீராக இயங்குவதில் நேரடி அக்கறை கொண்டு, நிரலாளர்களுக்கு மாதச் சம்பளம் தந்து, விளைவைக் கட்டற்ற உரிமத்திலேயே உலகுக்கு விட்டது. ஏரித் தண்ணீரைப் பெறுவோரே கரையையும் மதகையும் பேணுவதைப் போன்ற ஏற்பாடு இது. கேட்டீக்கும் ஜீப்ராவுக்கும் வாய்க்காதது.

அந்த மீட்சி நிகழ்ந்த காலம் ஐரோப்பாவின் இணையப் பரிமாற்ற நிலையங்கள் ஒரு நெருக்கடியில் இருந்த காலம். பரிமாற்ற நிலையம் என்பது பல வலையமைப்புகள் ஒரே இடத்துக்குக் கம்பியிழுத்துக்கொண்டு வந்து தமக்குள் நேரடியாகப் போக்குவரத்து செய்துகொள்ளும் பொதுக் களம். அங்கே இருநூறு உறுப்பினர்கள் இருந்து, எல்லாரும் எல்லாரோடும் தனித்தனியே பிஜிபி இணைப்பு வைத்துக்கொண்டால் 19,900 இணைப்புகள் தேவைப்படும். இதைத் தவிர்க்க நிலையமே ஒரு 'ரவுட் சர்வரை' வைக்கிறது. ஒவ்வொரு உறுப்பினரும் அதனிடம் மட்டும் தம் வழிகளைச் சொன்னால் போதும், அது மற்றவர்களுக்கு எடுத்துரைக்கும். தரவு எதுவும் அதன் வழியாகப் போவதில்லை. வழித்தொடரில் தன் எண்ணையும் அது சேர்ப்பதில்லை. ஆனால் யார் யாருக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்ற உறுப்பினர்களின் விருப்பங்கள் வேறுபடுவதால், ஒவ்வொரு உறுப்பினருக்கும் தனிப் பட்டியல் ஒன்றை வைத்து, ஒவ்வொன்றிலும் சிறந்த வழியைத் தனித்தனியே தேர்ந்தாக வேண்டும். அன்று பரவலாக இருந்த குவாகா இந்தச் சுமையில் திணறியது. பேர்டிலோ பல ஏடுகளும் அவற்றை இணைக்கும் குழாய்களும் விரிவான வடிகட்டி மொழியும் பிறவியிலேயே இருந்தன. ஒரே பண்புத் தொகுதியைப் பல வழிகள் பகிர்ந்துகொள்ளும்படி நினைவகத்தைச் சிக்கனமாகக் கையாளும் முறையும் இருந்தது. லண்டன் நிலையமான லிங்ஸ் முதலியவை பேர்டுக்கு மாறின. 2010-இல் லிங்ஸ், ரவுட் சர்வர் நுட்பத்தின் முன்னேற்றத்துக்குப் பேர்ட் வழியாகச் செய்த பங்களிப்புக்காகச் சிஇசட்.நிக்கிற்கு விருது அளித்தது. மாணவர்கள் 1998-இல் பொதுவாக நல்லதென்று கருதிச் செய்த அமைப்பு, பத்தாண்டு கழித்து அவர்கள் எண்ணியிராத ஒரு தேவைக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது நல்ல வடிவமைப்பின் பயன். அந்தத் தேவை எழுந்த நேரத்தில் அதைச் செம்மைப்படுத்தச் சம்பளம் பெறும் ஓர் ஆள் இருந்தது ஏற்பாட்டின் பயன்.

பேணுதல் எத்தகைய விழிப்பைக் கோருகிறது என்பதற்கு அதே ஆண்டுகளில் நடந்த ஒரு நிகழ்ச்சி எடுத்துக்காட்டு. 2009 பிப்ரவரி 16 அன்று செக் நாட்டின் சிறிய இணையச் சேவையாளர் ஒருவர், தன் மாற்று இணைப்பை எவரும் விரும்பாதபடி செய்வதற்காக, வழித்தொடரில் தன் எண்ணைத் திரும்பத் திரும்பச் சேர்க்கும் வழக்கமான உத்தியைக் கையாண்டார். சில ரவுட்டர்களின் அமைவில் இதற்கெனச் சேர்க்கவேண்டிய எண்ணையே எழுத வேண்டும். அவருடைய ரவுட்டரிலோ எத்தனை முறை என்று எழுத வேண்டும். அங்கே தன்னாட்சி எண்ணான 47868-ஐ எழுதியதாலும், ஒரு பைட்டுக்குள் 255-க்கு மேல் அடங்காததாலும், 256-ஆல் வகுத்து எஞ்சிய 252 முறை அந்த எண் வழித்தொடரில் சேர்ந்துவிட்டது என்று ஆய்ந்தவர்கள் விளக்கினர். அந்த அறிவிப்பு உலகெங்கும் பரவி, போகும் வழியில் மற்ற வலையமைப்புகளின் எண்களும் சேர்ந்து 255-ஐ நெருங்கியும் தாண்டியும் வளர்ந்தபோது, புதுப்பிக்கப்படாத மென்பொருளைக் கொண்ட பல ரவுட்டர்கள் அதைக் கையாளத் தெரியாமல் இணைப்புகளை அறுத்துக்கொண்டன. மீண்டும் இணைந்ததும் அதே அறிவிப்பு வந்தது, மீண்டும் அறுந்தன. 2010 ஆகஸ்ட் 27 அன்று, விதிகளுக்கு உட்பட்டதேயான, ஆனால் அறியப்படாத பண்பு ஒன்றை வழி அறிவிப்பில் சேர்த்து நடத்தப்பட்ட ஒரு ஆய்வுச் சோதனையும் இதேபோன்ற விளைவைத் தர, அரை மணி நேரத்துக்குள் நிறுத்தப்பட்டது. பழுதான ஒரே அறிவிப்புக்காக முழு இணைப்பையும் அறுக்க வேண்டும் என்ற பழைய விதியே சேதத்தைப் பெருக்குகிறது என்பது தெளிவாகி, 2015-இல் வந்த திருத்த ஆவணம், பெரும்பாலான பிழைகளில் அந்த ஒரு வழியை மட்டும் திரும்பப் பெறப்பட்டதாகக் கொள்ளுமாறு மாற்றியது. இத்தகைய திருத்தங்கள் ஒவ்வொன்றையும் நிரலில் எழுதி, பழையனவற்றோடு மோதாமல் சோதித்து, வெளியிடுவதுதான் பேணுநரின் அன்றாடம்.

மூல வடிவமைப்பில் இருந்த ஒரு குறையும் காலப்போக்கில் பாரமாயிற்று. பேர்டின் முதல் தலைமுறையில் ஐபிவி4, ஐபிவி6 ஆகிய இரு முகவரி முறைகளில் எது என்பதை நிரலைத் தொகுக்கும்போதே தீர்மானிக்க வேண்டியிருந்தது; எனவே ஒரே கணினியில் இரண்டு டீமன்கள், இரண்டு அமைவுக் கோப்புகள், ஒவ்வொரு திருத்தமும் இரண்டு முறை. 1998-இல் அது ஏற்கத்தக்க எளிமை; இரண்டு முகவரி முறைகளும் எங்கும் இணைந்தே வழங்கத் தொடங்கிய பின் அது தாங்க முடியாத இரட்டிப்பு. அடிப்படைத் தரவு வடிவங்களையே மாற்றியெழுதி, ஒரே இணைப்பில் பலவகை முகவரிகளும் 'சானல்' எனும் தனித்தனி ஓடைகளாகச் செல்லும்படி அமைத்த இரண்டாம் தலைமுறை 2017 டிசம்பரில் வெளிவந்தது. அதோடு, ஒரு முகவரித் தொகுதியை அறிவிக்க உரியவர் யார் என்பதைக் குறியாக்கச் சான்றுகளால் சரிபார்க்கும் ஆர்பிகேஐ முறையின் சேவையகங்களோடு நேரடியாகப் பேசும் திறனும் உள்ளே வந்தது. அமைவுக் கோப்பின் இலக்கணம் மாறியதால் பல நிலையங்கள் உடனே மாறவில்லை. அவற்றைக் கட்டாயப்படுத்தாமல், முதல் தலைமுறைக்கும் பிழைத்திருத்தங்களைச் சில காலம் வெளியிட்டு வந்தது சரியான முடிவு. ஒரு நாட்டின் போக்குவரத்தைத் தாங்கும் மென்பொருளை அவசரமாக மாற்றச் சொல்வதற்கு எவருக்கும் உரிமையில்லை.

மூன்றாம் தலைமுறையின் வேலை இன்னும் கடினமானது. பேர்ட் ஒற்றை இழையில் ஓடும்படி எழுதப்பட்டது. அதாவது ஒரு நேரத்தில் ஒரு வேலைதான், கணினியில் முப்பது உள்ளகங்கள் இருந்தாலும் ஒன்றுதான் உழைக்கும். எதுவும் எதனோடும் மோதாது என்பதால் நிரல் எளிமையாகவும் நம்பகமாகவும் இருந்தது. ஆனால் நூற்றுக்கணக்கான உறுப்பினர்களைக் கொண்ட ரவுட் சர்வர் மறுதொடக்கம் ஆகும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் தம் வழிகளைக் கொட்ட, அந்த ஒற்றை இழை நெடுநேரம் மூச்சுமுட்டியது. பல இழைகளாகப் பிரித்தால், இரண்டு இழைகள் ஒரே ஏட்டில் எழுதாதபடி பூட்டுகள் வேண்டும். பூட்டுகள் பெருகினால், ஒருவர் மற்றவர் பூட்டுக்காகக் காத்து இருவரும் என்றென்றும் நின்றுவிடும் முட்டுக்கட்டை நேரலாம். மரியா மாட்டெய்க்கா உள்ளிட்ட குழுவினர் எல்லாப் பூட்டுகளுக்கும் படிநிலை ஒன்றை வகுத்து, மேல்படியிலிருந்து கீழ்ப்படிக்கே போகலாம், எதிர்த்திசையில் போனால் நிரலே தடுக்கும் என்று விதித்து, இருபது ஆண்டுகள் பழகிய நிரலைப் பகுதி பகுதியாகப் பிரித்தெழுதினர். பல ஆண்டு உழைப்புக்குப் பின், 3.0 பதிப்பு 2024 டிசம்பரில் வெளிவந்தது. எந்தப் புதிய நெறிமுறையும் அதில் பெருமைக்குரியதல்ல. முன்பு செய்த அதே வேலையைப் பல உள்ளகங்களில் பகிர்ந்து செய்கிறது, அவ்வளவே. பயனர் கண்ணுக்குப் படாத அந்த மாற்றத்துக்கு இத்தனை ஆண்டுகள் பொறுமையாகச் சம்பளம் கொடுக்க வணிக நிறுவனங்களில் எத்தனை முன்வரும் என்பது ஐயமே.

இதற்கிடையே பேர்டின் பயன்பாடும் பரிமாற்ற நிலையங்களைத் தாண்டிவிட்டது. கிளவுட்ஃபிளேர் தன் தரவு மையங்களின் சர்வர்களிலும், நெட்ஃபிளிக்ஸ் இணையச் சேவையாளர்களின் வளாகங்களில் வைக்கும் தன் சேமிப்புப் பெட்டிகளிலும் அதைப் பயன்படுத்துகின்றன; குபர்னெட்டிஸ் கூட்டங்களுக்கு வலையமைப்பு அமைக்கும் காலிகோவும் அதை உள்ளடக்கியிருக்கிறது. பரிமாற்ற நிலையங்களோ, பேர்டை எவ்வளவு நம்பினாலும், இரண்டு ரவுட் சர்வர்களில் ஒன்றில் பேர்டும் மற்றொன்றில் ஓப்பன்பிஎஸ்டி குழுவின் ஓப்பன்பிஜிபிடி போன்ற வேறொன்றும் ஓடும்படி வைப்பதுண்டு. ஒரே வழு இரண்டையும் ஒரே கணத்தில் வீழ்த்தக்கூடாது என்பதே காரணம். எனவே இவ்வகைக் கட்டற்ற மென்பொருள்களுள் ஒன்று மற்றவற்றை வெல்வதை அந்த நிலையங்கள் விரும்புவதில்லை. எல்லாமே பேணப்பட வேண்டும் என்பதே அவற்றின் தேவை.

இன்று இரண்டாம், மூன்றாம் தலைமுறைகள் இணையாக வெளிவருகின்றன. நிலைத்தன்மையை நாடுவோர் முன்னதிலும் வேகத்தை நாடுவோர் பின்னதிலும் இருக்க, புதிய வசதிகளும் திருத்தங்களும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துச் செல்லப்படுகின்றன; இரண்டின் உள்ளமைப்பும் வேறுபட்டுவிட்டதால் அந்தப் பெயர்ப்பும் தனி உழைப்பாகிறது. அண்மைக்காலச் சேர்க்கைகளுள் குறிப்பிடத்தக்கது 2022 மே மாதத்தில் தரமாக வந்த பிஜிபி உறவுமுறை அறிவிப்பு. ஒருவரிடம் கற்ற வழியை, சொல்லக்கூடாத இன்னொருவருக்குத் தவறுதலாக அறிவித்துவிடும் 'வழிக்கசிவு' இணையத்தின் நெடுநாள் நோய். அதைத் தடுக்க, இணைப்பின் இரு முனைகளும் 'நான் வாடிக்கையாளர்', 'நான் சேவையளிப்பவர்', 'நாம் சமமானவர்கள்' என்று தொடக்கத்திலேயே தம் நிலையைச் சொல்லிக்கொள்கின்றன. இரு முனைகளும் சொன்னது பொருந்தாவிட்டால் இணைப்பே உருவாகாது, கசிந்துவரும் வழி அதன் அடையாளத்தால் பிடிபடும். பேர்டில் இதற்குத் தேவைப்படுவது அமைவுக் கோப்பில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒற்றை வரிதான். நிரல் தயாராக இருக்கிறது. அந்த வரியை எழுதும் வேலை வலையமைப்புகளை நடத்தும் பொறியாளர்களிடம் இருக்கிறது, அது எழுதப்பட்ட இணைப்புகளிலேயே காப்பும் இருக்கிறது.